இது எந்த ஆற்று நீர்?

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் கால்கள் கல்லறைத் தோட்டத்தை நோக்கி நடக்கின்றன. புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மெழுகுவர்த்தி ஏற்றி, மாலை சாத்தி, மறைந்தோரின் பெயர்களை எழுதித் திருப்பலிக்குக் கொடுக்கிறோம். முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற நல்ல வழக்கம் இது. ஆயினும், பீடத்தின்மேல் குவியும் அச்சீட்டுகளை ஆண்டுதோறும் வாசிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. தாத்தாவின் ஆன்ம இளைப்பாற்றிக்கெனப் பெயர் எழுதிக் கொடுக்கும் பேரப்பிள்ளைகளுள், அந்தத் தாத்தா தம் வாழ்நாளெல்லாம் என்ன வேலை செய்தார் என்று சொல்லக் கூடியவர் எத்தனை பேர்?

இக்கேள்வியைப் பிறரை நோக்கி மட்டும் நாம் எழுப்பவில்லை. அண்மையில் ஒரு பெரியவரின் முப்பதாம் நாள் திருப்பலியின்போது, நம்மை நோக்கியே அதனை எழுப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனை இங்கே மறைக்காமல் எழுதுவதே முறையென எண்ணுகிறோம்.

திண்ணையில் ஒரு பெரியவர்

திருத்தணியை அறியாத தமிழர் இலர். 365 படிகள் ஏறி முருகன் கோயிலை அடையும் மலை அது. ஆடிக் கிருத்திகை நாளில் மலர்க் காவடி ஏந்தி வரும் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும். மலையடிவாரத்துக் கடைத் தெருவில் விலை கேட்பவர் ஒரு மொழியிலும் விலை சொல்பவர் மறு மொழியிலும் பேசிக்கொண்டு, இருவருமே நிறைவாகப் பிரிந்து செல்வதை இன்றும் காணலாம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இவ்வூர் அம்மாவட்டத்தைச் சார்ந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. எல்லைப் போராட்டங்களுக்குப் பின், படாஸ்கர் அவர்களின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு மீண்டும் இணைந்தது. வீட்டை விட்டு ஓரடியும் பெயராமலே மாநிலம் மாறிய மக்கள் இவ்வூரார்.

நாம் குறிப்பிடும் பெரியவர் இவ்வூர்ப் பக்கத்தவர். இளமையில் பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பொறியாளராக ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவார். கணக்கை மட்டும் எந்நேரமும் ஆங்கிலத்தில் முணுமுணுப்பார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்களெல்லாம் கலைந்து போக, அவர் மட்டும் கோயிலைச் சுற்றி வந்து, மழைநீர் எந்தச் சுவரோரம் தேங்குகிறது, எந்தத் தூம்பு அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு நம்மிடம் வந்து, "சாமி, வடகிழக்கு மூலையில் தண்ணீருக்கு வழியில்லை. வழி விடாவிட்டால் அது தானே வழி தேடிக்கொள்ளும்" என்பார். நாம் தலையசைப்போம். அடுத்த மழையில் அவர் சொன்னபடியே நடக்கும்.

மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாம் காப்பி அருந்திய நாட்கள் பல. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சென்னையிலுள்ள மகன் வீட்டுக்குச் சென்றால், பேரப்பிள்ளைகள் குழாயைத் திறந்து குவளையில் நீர் பிடித்துத் தரும்போதெல்லாம் அதை உடனே குடித்துவிட மாட்டார். குவளையை உயர்த்திப் பிடித்து, "இது எந்த ஆற்று நீர்?" என்று கேட்பார். பிள்ளைகள் சிரித்து, "குழாய் நீர் தாத்தா!" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குடித்துவிடுவார். இதை அவர் நம்மிடம் பலமுறை வேடிக்கையாகவே சொல்லியிருக்கிறார். அந்த வேடிக்கையினுள் ஒரு வருத்தம் இருந்ததை அவர் மறைந்த பின்னரே நாம் உணர்ந்தோம்.

அவர் அடிக்கடி பேசிய மற்றொரு பொறியாளர்

தம்மைப் பற்றி அதிகம் பேசும் இயல்பு அவருக்கு இல்லை. ஆனால் தமக்கு முன் வாழ்ந்த ஒரு பொறியாளரைப் பற்றி, தம் சொந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். அவர்தாம் கோதாவரிக் கரை மக்கள் 'காட்டன் துரை' என்று போற்றும் சர் ஆர்தர் காட்டன். பெரியவர் வாயால் கேட்டவற்றோடு நூல்களில் கண்டவற்றையும் சேர்த்து அவர் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம்.

1803 மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்த ஆர்தர் காட்டன், பதினெட்டு வயதில், 1821-இல், சென்னைப் பொறியாளர் படையின் இளம் அதிகாரியாக இந்நாட்டுக்கு வந்தார். நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் அவருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சென்னைச் சாலைகளுக்கு வேண்டிய கல்லைச் செங்குன்றத்திலிருந்து கொண்டுவர 1837-இல் அமைக்கப்பட்ட இருப்புப் பாதை அவர் முயற்சியே. இந்தியாவில் முதன்முதல் ஓடிய தண்டவாளம் அதுவென்பர். பிற்காலத்தில் இரயிலைவிட வாய்க்காலே இந்நாட்டுக்கு நல்லது என்று ஓயாது வாதிட்ட அவரே இங்கு முதல் தண்டவாளத்தையும் இட்டவர் என்பதைச் சொல்லும்போது நம் பெரியவர் குலுங்கிச் சிரிப்பார்.

ஆனால் காட்டனுடைய வாழ்வைத் தீர்மானித்த இடம் காவிரிக் கரையே. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் மிகுதி. ஆதலால் ஆண்டுக்காண்டு நீர் கொள்ளிடத்திலேயே அதிகமாகப் பாய, காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வறளத் தொடங்கின. 1836-இல் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணையைக் கட்டினார். அதே காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. நீரைத் தேக்கி வைப்பது மேலணையின் நோக்கமன்று. காவிரிக்குரிய பங்கு காவிரிக்கே போய்ச் சேருமாறு நீர்மட்டத்தை உயர்த்திக் கொடுப்பதே அதன் வேலை.

இங்கே ஒரு பெரிய ஐயம் எழுந்திருக்கும். ஆற்றின் அடியில் பாறை இல்லை. எவ்வளவு தோண்டினாலும் மணலே. மணலின்மேல் கட்டிய சுவர் நிற்குமா? மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையை ஆண்டவர் வாயிலாகக் கேட்ட நமக்கும் அந்த ஐயம் தோன்றாமல் இராது. ஆனால் சில கல் தொலைவிலேயே, கரிகாலன் காலத்ததெனப் போற்றப்படும் கல்லணை அதே மணலின்மேல் நூற்றாண்டு நூற்றாண்டாக நின்றுகொண்டிருந்தது. பெயர் தெரியாத அத்தமிழ்க் கொத்தர்களிடமிருந்தே மணலில் அடித்தளம் இடும் கலையைத் தாங்கள் கற்றதாகக் காட்டனே பிற்காலத்தில் எழுதி வைத்தார். உறைகிணறுகளை மணலில் இறக்கி அவற்றின்மேல் கட்டுவதும், கட்டடத்தின் கீழ்ப்புறம் பெருங்கற்களைப் பரப்பி அரிப்பைத் தடுப்பதும் அம்முறையின் உயிர்நாடிகள்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நம் பெரியவரின் குரல் தழுதழுக்கும். "சாமி, அவர் பெரிய துரை. ஆனாலும் நம் தாத்தன்மாரிடம் பாடம் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாரே! எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்?" என்பார்.

கோதாவரிக் கரையில்

காவிரியில் கற்ற பாடத்தோடு காட்டன் கோதாவரிக்குச் சென்றார். அக்காலத்தில் அம்மாவட்டம் பஞ்சத்தாலும் புயலாலும் நலிந்து கிடந்தது. 1821-இல் ஏறத்தாழ 7,38,000 ஆக இருந்த மக்கள்தொகை 1841-இல் 5,61,000 அளவுக்குக் குறைந்துவிட்டது. இருபதே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு மக்கள் மாண்டோ ஊரைவிட்டு ஓடியோ போயினர் என்றால் அத்துயரத்தை என்னென்பது! ஆறு மட்டும் கரை புரண்டு ஓடி, பயனின்றிக் கடலில் கலந்துகொண்டிருந்தது.

ராஜமுந்திரிக்குக் கீழே தவளேஸ்வரத்தில் 1847-இல் பணி தொடங்கியது. தீவுகளையும் சேர்த்து நான்கு மைல் அகலமுள்ள ஆறு அங்கே நான்கு கிளைகளாகப் பிரிகிறது. நான்கின் குறுக்கேயும் கட்டிய சுவர்களின் மொத்த நீளம் ஏறக்குறைய இரண்டேகால் மைல். அருகிலிருந்த குன்றை உடைத்துக் கல் எடுத்தனர். பத்தாயிரம் பேர் வரை உழைத்தனர். நடுவில் காட்டனின் உடல்நிலை குலைந்து, 1848-இல் பணியைக் கேப்டன் ஆர் என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்திரேலியா செல்ல நேர்ந்தது. 1850-இல் திரும்பி வந்தார். 1852-இல் அணை நிறைவுற்றது. அதே ஆண்டில் கிருஷ்ணை நதியிலும் விஜயவாடாவில் அணைப்பணி தொடங்கி, அந்த ஆரின் பொறுப்பில் 1855-இல் முடிந்தது.

பஞ்சத்தால் வெறுமையான அந்த நிலமே பின்னர் நாட்டின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றாயிற்று. இன்றும் கோதாவரிப் பகுதியில் ஊர் ஊராகக் காட்டனுக்குச் சிலைகள் உண்டு. பழைய அணைக்குப் பதிலாகக் கட்டப்பட்டு 1982-இல் நிறைவுற்ற புதிய அணைக்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆற்றில் நீராடும் வேளையில் அவர் பெயரையும் சொல்லி வணங்கும் அந்தணர்கள் அங்கே உண்டு என்பர். நம் சபையைச் சாராதவர், ஆனால் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர் அவர். அவரை இந்து மக்கள் தம் மூதாதையருள் ஒருவராக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அருந்திய நீருக்கு நன்றி சொல்லத் தெரிந்த உள்ளம் வேறொன்றையும் பார்ப்பதில்லை போலும்.

நம் பெரியவர் இவ்வரலாற்றில் மற்றொரு பெயரையும் விடாமல் சொல்வார். வீணம் வீரண்ணா என்பது அப்பெயர். தவளேஸ்வரத்தில் காட்டனுக்கு வலக்கரமாக நின்று, கூலியாட்களையும் கொத்தர்களையும் ஒன்றுசேர்த்து வேலை வாங்கிய இந்தியர் அவர். "துரைக்குச் சிலை வைத்தார்கள், சரி. வீரண்ணாவை எத்தனை பேருக்குத் தெரியும்? கல் சுமந்த பத்தாயிரம் பேரில் ஒருவர் பெயராவது தெரியுமா?" என்று கேட்பார். தாமும் அப்பத்தாயிரவருள் ஒருவர் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பின்னும் ஓயாதவர்

காட்டன் 1860-இல் பணி ஓய்வு பெற்று இந்நாட்டை விட்டுச் சென்றார். மறு ஆண்டில் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அதன் பின்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த நாற்பது ஆண்டுகளை அவர் எவ்வாறு கழித்தார் என்பதே, வீட்டில் முதியோரை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய செய்தி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டி, இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது, நீர்ப்பாசனத்துக்குச் செலவிட வேண்டிய பணத்தை நாட்டுக்குச் செலவிடாததன் விளைவு இது என்று அவர் இங்கிலாந்தில் இருந்தபடியே எழுதினார், பேசினார். அதிகாரிகள் பலர் அவரை விரும்பவில்லை. 1878-இல், எழுபத்தைந்து வயதில், பாராளுமன்றக் குழுவின் முன் நின்று தம் கருத்துகளுக்கு விடை கூற நேர்ந்தது. அதன் பிறகும் அவர் ஓயவில்லை. டார்க்கிங் என்னும் சிற்றூரில், மண்ணை ஆழக் கிளறிப் பயிரிட்டால் விளைச்சல் பெருகுமா என்று தம் சொந்த நிலத்தில் சோதித்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலையில், தொண்ணூற்றாறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் செய்தவை அனைத்தும் வெற்றி பெற்றனவா? இல்லை. அவர் ஆதரித்த கர்நூல் - கடப்பைக் கால்வாய்த் திட்டம் அதை மேற்கொண்ட கும்பினிக்கு நட்டத்தையே தந்தது; இறுதியில் அரசு அதனை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. ஒரிசாவிலும் ஏறத்தாழ இதே கதை. படகுக் கால்வாய்கள் இரயில் பாதைகளை வெல்லும் என்ற அவருடைய கணிப்பும் பலிக்கவில்லை. மேலும், அவர் பணியாற்றியது அந்நிய ஆட்சிக்கு. அணைகளால் பெருகிய வரியும் அவ்வாட்சியின் கருவூலத்துக்கே சென்றது. இவற்றையெல்லாம் நம் பெரியவர் மறைக்க மாட்டார். "தாத்தா தவறு செய்யாதவர் என்று சொல்லித்தான் அவரை நேசிக்க வேண்டுமா சாமி?" என்று ஒருநாள் கேட்டார். அன்று நாம் அதற்கு விடை கூறவில்லை. இன்று கூறுவோம்: வேண்டியதில்லை. முதியோரின் தவறுகளையும் அறிந்து நேசிக்கும் அன்பே உறுதியான அன்பு. இறந்தோருக்காக நாம் மன்றாடுவதும் அவர்கள் குறையற்றவர் என்பதனால் அன்றே!

காட்டன் வகையில் ஒன்று நன்றாக நடந்தது. அவருடைய மகள் எலிசபெத், தந்தை மறைந்த மறு ஆண்டே, 1900-இல், அவருடைய வாழ்வையும் பணியையும் ஒரு பெருநூலாக வெளியிட்டார். எந்த ஆற்றில் எந்த ஆண்டில் என்ன செய்தார், எதற்காக யாரோடு வாதிட்டார் என்பனவெல்லாம் அந்நூலில் பதிவாயின. அந்த மகள் எழுதாமல் விட்டிருந்தால், இன்று நாம் அறிந்தவற்றுள் பல டார்க்கிங் மண்ணோடு மறைந்திருக்கும்.

மூடப்பட்ட டிரங்குப் பெட்டி

இனி, நாம் சொல்லத் தொடங்கிய முப்பதாம் நாளுக்குத் திரும்புவோம். திருப்பலியில் பெரியவரைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டனர். நாமும் இசைந்தோம். முந்தின இரவு காகிதமும் பேனாவுமாக அமர்ந்தபோதுதான் நம் வறுமை நமக்குப் புலப்பட்டது. நல்லவர், பக்தியுள்ளவர், நேர்மையானவர் என்று எழுதினோம். அதன் பிறகு? எந்த ஏரியின் கரையை அவர் உயர்த்தினார்? எந்த மதகைக் கட்டினார்? எந்த வெள்ளத்தில் இரவெல்லாம் கரைமேல் நின்றார்? அவர் நம்மிடம் சொல்லியிருக்கிறார், பலமுறை சொல்லியிருக்கிறார். காப்பியின் சுவை நினைவிருக்கிறது. ஏரியின் பெயர் நினைவில்லை. காட்டனைப் பற்றி அவர் சொன்னதைக் கருத்தோடு கேட்ட நாம், அவரைப் பற்றி அவர் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை பிள்ளைகளைக் கேட்டோம். "அப்பா பி.டபிள்யூ.டி.யில் இருந்தார் சாமி" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை. மாற்றலாகிச் சென்ற ஊர்களின் பெயர்களைச் சொன்னார்கள். அங்கு அவர் செய்ததைச் சொல்லத் தெரியவில்லை. அவ்வேளையில் முற்றத்தின் ஓரத்தில் ஒரு டிரங்குப் பெட்டியைக் கண்டோம். வீட்டைக் காலி செய்வதற்காகப் பரணிலிருந்து இறக்கப்பட்டது. பழைய காகிதக்காரர் மாலையில் வருவதாக இருந்தது.

நாம் அதைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். அடியிலிருந்தவற்றைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. மேலேயிருந்த சில மட்டக் குறிப்பேடுகள் தப்பியிருந்தன. பென்சிலால் எழுதிய எண்கள், கையால் வரைந்த மதகின் வெட்டுத் தோற்றம், ஒரு பக்கத்தின் ஓரத்தில் ஓர் ஏரியின் பெயர், அதன் கீழே ஒரு வெள்ளத்தின் நாளும் நேரமும் இருந்தன. அந்தப் பக்கத்தின் கடைசி வரியில், கலிங்கில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்து, அதனடியில் ஒரு சிறு சிலுவைக் குறி இட்டிருந்தார். மன்றாடினாரோ, நன்றி செலுத்தினாரோ, நாம் அறியோம். அவருடைய மூத்த மகன் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "அந்த வருடம் எனக்குப் பத்து வயது. அப்பா நான்கு நாள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அப்போது கோபம்" என்று மட்டும் சொன்னார்.

திருப்பலியில் நாம் பேசவில்லை. அந்தப் பக்கத்தை வாசித்தோம். அதுவே போதுமானதாயிருந்தது.

பேரர்கள் அருந்திய நீர்

பெரியவரின் கேள்விக்கு இப்போது விடை காண்போம். சென்னைக் குழாயில் வரும் நீர் எந்த ஆற்று நீர்?

பல ஆற்று நீர் அது. திருத்தணி வழியே ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றோடு சேர்கிறது. அக்கொசஸ்தலையின் குறுக்கே 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. 1983-இல் தமிழகமும் ஆந்திரமும் செய்துகொண்ட தெலுங்கு கங்கை உடன்பாட்டின்படி, ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலா, கண்டலேறு வழியாகக் கிருஷ்ணை நீர் 1996-இல் அதே பூண்டியை வந்தடைந்தது. மொழிக்காகவும் எல்லைக்காகவும் ஒரு காலத்தில் வழக்காடிய இரு மாநிலங்கள், ஒரு கால்வாயை வெட்டிக் குடிநீரைப் பகிர்ந்துகொண்டன. பணி ஓய்வுக்குப் பின் நம் பெரியவர் பேருந்து ஏறிச் சென்று பார்த்து வந்த ஒரே நீர்ப்பணி அதுவே. தெற்கேயோ, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் செல்லும் நீர், 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கு வருகிறது. ஆக, அப்பிள்ளைகள் தாத்தாவுக்கு நீட்டிய குவளையில், காட்டன் 1836-இல் தடுத்து நிறுத்திய கொள்ளிடத்து நீரும் இருந்திருக்கக் கூடும். "குழாய் நீர்" என்று அவர்கள் சொன்னது பொய்யன்று. பாதிக் கதையை மட்டுமே அவர்கள் அறிந்திருந்தனர்.

நினைவு என்பது நன்றி கூறுவதோடு முடிந்துவிடுவதுமன்று. முக்கொம்பு மேலணை 182 ஆண்டுகள் உழைத்த பின், 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. தாத்தா கட்டியது தானாக நிற்காது. ஒவ்வொரு தலைமுறையும் அதனைச் சுற்றி வந்து, எங்கே கசிகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துச் செப்பனிட வேண்டும். ஞாயிறுதோறும் நம் பெரியவர் கோயிலைச் சுற்றி வந்ததன் பொருளும் அதுவே.

ஈசாக்கு தோண்டிய கிணறுகள்

தொடக்கநூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆபிரகாமின் ஊழியர் தோண்டிய கிணறுகளை அவர் இறந்த பின் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டனர். மகன் ஈசாக்கு அவற்றைத் தேடிச் சென்று மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார். தந்தையை நினைவுகூர்வதற்கு இதைவிட நல்ல வழி எது? பேரனாகிய யாக்கோபின் பெயரால் விளங்கிய ஒரு கிணற்றருகே, பல தலைமுறைகளுக்குப் பின், களைத்து அமர்ந்த நம் ஆண்டவர் ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அப்பெண்ணுக்கு அது யார் கொடுத்த கிணறு என்பது தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! கிணறுகளைத் தூர்ப்பதற்கு இன்று பெலிஸ்தியர் வர வேண்டியதில்லை. நம் அவசரமும் கவனமின்மையுமே போதும். உங்கள் இல்லத்தில் ஓய்வுபெற்ற ஒரு தாத்தா இருக்கிறாரா? அவர் பொறியாளராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. இரயில் ஓட்டியவராக இருக்கலாம். தறி நெய்தவராக இருக்கலாம். பள்ளியில் மணி அடித்தவராகவும் இருக்கலாம். பாட்டியாக இருந்தாலும் அப்படியே. இம்மாதத்தில் ஒருநாள், இரவு செபமாலை முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளைகளை அவரருகே அமரச் செய்யுங்கள். முதன்முதலாக எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தார், யாரிடம் தொழில் கற்றார், கையால் செய்தவற்றுள் இன்றும் நிற்பது எது, எந்த வேலை கைகூடாமல் போயிற்று, எந்த இரவு உறங்காதிருந்தார் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஊரின் பெயரும் ஆண்டும் தவறாமல் எழுதட்டும். பரணில் ஏதேனும் பெட்டி இருந்தால், அதற்குச் சொந்தக்காரர் உயிரோடிருக்கும்போதே அவர் கையாலேயே திறக்கச் செய்யுங்கள்.

அந்தக் குறிப்பேட்டில் கண்ட ஏரிக்குப் பெரியவரின் பிள்ளைகளும் பேரர்களும் சென்ற மாதம் சென்று வந்தார்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் அவர்களை அழைத்துச் சென்று காட்டியிருக்கிறார். தாத்தாவின் பெயர் அங்கே எங்கும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. மதகு மட்டும் குறிப்பேட்டின் படத்தில் உள்ளபடியே நின்றதாம். கடைசிப் பேத்தி அந்த நீரைக் கையில் அள்ளி, "இது எந்த ஆற்று நீர்?" என்று கேட்டாளாம்.

அங்கிருந்த எவருக்கும் விடை தெரியவில்லை. லஸ்கர் சொன்னார்.